மிருதங்கம்: ஐந்து மாதமாக முதல் பாடத்திலேயே நிற்கிறேன், ஆசிரியரின் முறை சரிதானா?

கோவைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயதாகிறது. கோவையில் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சிறு வயதில் கோயில் கச்சேரிகளுக்குப் போனால் பாடகரை விட்டுவிட்டு மிருதங்கக்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் முறையாகக் கற்றுக்கொள்ள அப்போது வாய்ப்பு அமையவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மிருதங்கம் வாங்கி, இணையத்தில் கிடைத்த காணொளிகளைப் பார்த்து நானாகவே வாசிக்கத் தொடங்கினேன். ஆதி தாளத்தில் நான்கைந்து மோராக்களும் (ஒரே சொல்லை மூன்று முறை வாசித்து முடிக்கும் முடிப்புகள்) இரண்டு கோர்வைகளும் (நீண்ட முடிப்புகள்) கைக்கு வந்துவிட்டன என்றே நம்பியிருந்தேன்.

ஐந்து மாதங்களுக்கு முன், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் வாசித்த மூத்த வித்வான் ஒருவரிடம் சேர்ந்தேன். முதல் நாள் நான் வாசித்ததை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "இதையெல்லாம் கொஞ்சம் எடுத்து வெச்சிரலாம் தம்பி. த தி தொம் நம்-ல இருந்து ஆரம்பிங்க" என்றார். இன்றுவரை ஏறக்குறைய அதே பாடம்தான் ஓடுகிறது. மிருதங்கத்தின் அடிப்படைச் சொற்களான த தி தொம் நம், மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்). நடுவில் தகதிமி, கிடதக என்ற சொற்கட்டுகளும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். என் நண்பரின் மகள் வேறொரு வகுப்பில் சேர்ந்து எட்டே மாதத்தில் ஆதி தாளத் தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும் பகுதி) வாசித்து மேடையேறிவிட்டாள்.

ஆசிரியர்மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் இந்த வயதில் தொடங்கியவனுக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே பாதைதானா, இந்த வேகம் இயல்பானதுதானா என்பதை, நீண்ட காலம் கற்றவர்கள் சொன்னால் எனக்குத் துணையாக இருக்கும்.

---

தக்குச்சுருதி எழுதியது:

நான் ஒரே ஆசிரியரிடம் 22 ஆண்டுகளாகக் கற்று வருகிறேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. ஐந்து மாதமும் ஒரே பாடம் என்கிறீர்கள். அவர் சொல்லும் திருத்தமும் ஐந்து மாதமாக ஒன்றாகவே இருக்கிறதா, அல்லது வாரத்துக்கு வாரம் மாறுகிறதா? திருத்தம் மாறிக்கொண்டிருந்தால், பெயர்தான் த தி தொம் நம். உண்மையில் நீங்கள் வெவ்வேறு பாடங்களைக் கடந்துகொண்டிருக்கிறீர்கள்.

'நம்' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். மோதிர விரல் கரணையின் (வலப்பக்கத் தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சின்) ஓரத்தில் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் மீட்டில் (தோலின் வெளி வளையத்தில்) விழுந்து, விழுந்த கணமே எழுந்துவிட வேண்டும். மோதிர விரல் சற்று அழுத்தினால் நாதம் செத்துவிடும். தூக்கிவிட்டால் சுருதி கலங்கிக் கேட்கும். ஆள்காட்டி விரல் மீட்டில் அரை நொடி தங்கினாலும் 'நம்' என்பது 'டப்' என்றாகிவிடும். இதைக் காணொளியில் பார்த்துக் கற்க முடியாது என்பதற்குக் காரணம் எளிது: அந்த அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும், அதுவும் பழகிய காதுக்கு மட்டுமே.

இதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேலதிர்வுகள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளில் ஓசை கேட்கிறதே தவிர, குறிப்பிட்ட சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தில் நடுவே ஏற்றிய கரணை அந்த அதிர்வுகளை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. இதை சி.வி. இராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் சுருக்கமாகவும், 1934இல் விரிவான கட்டுரையாகவும் விளக்கினார். 'நம்' வாசிக்கும்போது மோதிர விரல் தொட்டிருப்பதால் அடிப்படை அதிர்வு அடங்கி, அதற்கு மேலுள்ள அதிர்வு தெளிவாக எழுகிறது. அந்த விரல் ஓர் எள்ளளவு இடம் மாறினாலும் வேறு அதிர்வுகள் உள்ளே புகுந்துவிடும். உங்கள் ஆசிரியர் ஐந்து மாதமாகத் தேடுவது அந்த எள்ளளவு இடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானாகக் கற்ற கையைத் திருத்துவது, எதுவுமே தெரியாத கைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். பழகிய தவறு முதலில் வெளியேற வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் கணக்கிட வேண்டும்.

---

நேர்வழி எழுதியது:

மேலே எழுதியவரை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். நான் பள்ளி நாள்களில் ஒரு மூத்த கலைஞரிடம் நான்கு ஆண்டுகள் கற்றேன். மேடையில் அவர் பெரிய கை. அதில் ஐயமே இல்லை. ஆனால் எங்களுக்குப் பாடம் ஓராண்டுக்கு மேல் நகரவில்லை. வகுப்பு நேரத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார், மூத்த மாணவர் ஒருவரை எங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். ஏன் இதையே வாசிக்கிறோம் என்று கேட்டால், கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்பார். 'அடிப்படை வலுவாக வேண்டும்' என்ற அதே வாக்கியத்தைத்தான் அவரும் சொன்னார். பதினாறு வயதில் மிருதங்கத்தை மூலையில் வைத்துவிட்டேன். அதன்பின் அதை எடுக்கவே இல்லை, அந்த வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே அனுபவம் என்ற ஒன்றை மட்டும் நம்பி ஐந்து மாதத்தை நியாயப்படுத்திவிடக் கூடாது. வாசிக்கத் தெரிவது வேறு, வாசிக்க வைக்கத் தெரிவது வேறு. கோவைவாசி தம் ஆசிரியரிடமே, 'அடுத்த பாடம் எப்போது, அதற்கு நான் எதை எட்ட வேண்டும்' என்று பணிவாகக் கேட்டுவிடுவது நல்லது. நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி கோபம் தராது.

---

மீட்டுச்சாப்பு எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளாக மிருதங்கம் சொல்லித்தருகிறவன். நேர்வழி அவர்களுக்கு நேர்ந்தது எங்கள் துறையில் நடக்காத ஒன்றல்ல. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் கைவேலையை மட்டும் கற்பார்கள், கணக்கைக் கற்க மாட்டார்கள்.

கோவைவாசி நான்கைந்து மோராக்கள் தெரியும் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு நான் ஒரு சிறு சோதனை தருகிறேன். ததிகிணதொம் என்பது ஐந்து மாத்திரை, அதாவது ஐந்து சம அளவுத் துடிப்பு. அதை மூன்று முறை வாசித்து, இடையில் இரண்டு இடங்களில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால், 5, 2, 5, 2, 5 என மொத்தம் 19 மாத்திரை. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை எனக் கொண்டால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) 32 மாத்திரை. அப்படியானால் சமத்திலிருந்து (தாளத்தின் தொடக்க அடியிலிருந்து) 13 மாத்திரை விட்டு எடுத்தால் மோரா மீண்டும் சமத்தில் வந்து விழும். காணொளியில் கற்றவர் அந்த எடுப்பை (தொடங்கும் இடத்தை) மனப்பாடம் செய்திருப்பார். இப்போது கார்வையை மட்டும் மூன்றாக்குங்கள், எங்கே எடுப்பீர்கள்? ஒன்றாக்கினால்? அதே 19 மாத்திரையை மிஸ்ர சாப்புத் தாளத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்குள், அதாவது 28 மாத்திரைக்குள், வைக்கச் சொன்னால்? கையில் தாளம் போட்டு, வாயால் சொல்லி, இதற்கு உடனே பதில் வருகிறதென்றால் மோரா தெரியும். வரவில்லையென்றால், தெரிந்தது ஒரு மோராவின் ஓசை மட்டுமே.

என் ஆசிரியர் ஆறு மாதம் என்னை வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. தொடையில் தாளம், வாயில் சொல், அவ்வளவுதான். நான் என் மாணவர்களிடம் அந்த அளவுக்குக் கடுமையாக இருப்பதில்லை. இந்தக் காலப் பிள்ளைகள் அதற்குள் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முதல் மாதத்திலேயே ஒரு சிறு முத்தாய்ப்பாவது கொடுத்து, சமத்தில் வந்து விழும் இன்பத்தைச் சுவைக்க வைப்பேன். அந்த வகையில் உங்கள் ஆசிரியரின் முறை என்னுடையதைவிட இறுக்கமானது. ஆனாலும் எட்டு மாதத்தில் தனி ஆவர்த்தனம் வாசித்த குழந்தையோடு உங்களை ஒப்பிட வேண்டாம். எழுதிக் கொடுத்த தனியை ஒப்பிப்பதற்கும், பாடகர் காலப்பிரமாணத்தை (வேகத்தை) சற்று இழுக்கும்போது அதைத் தாங்கிப் பிடித்து வாசிப்பதற்கும் இடையே பல ஆண்டுத் தொலைவு இருக்கிறது. மிருதங்கம் அடிப்படையில் பக்கவாத்தியம். ஒரு கச்சேரியில் தனி ஆவர்த்தனம் பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடம் இருக்கும். மீதி இரண்டு மணி நேரமும் பாட்டுக்கு வாசிக்க வேண்டும்.

---

பனிநகரம் எழுதியது:

டொராண்டோவில் இருக்கிறேன். சென்னையில் உள்ள என் ஆசிரியரிடம் ஆறு ஆண்டுகளாக இணையவழியில் கற்கிறேன். நேரில் கற்பவர்கள் தங்களுக்குக் கிடைத்திருப்பது என்னவென்று அறிய, என் நிலையைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

இணையத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்கவே முடியாது. ஒலி போய்ச் சேரும் தாமதத்தால் அவர் போடும் தாளம் எனக்கு ஓரிடத்திலும், என் வாசிப்பு அவருக்கு வேறோரிடத்திலும் கேட்கும். ஆகவே நான் வாசிப்பேன், அவர் கேட்பார். அவர் வாசிப்பார், நான் கேட்பேன். தொடக்கத்தில் என் 'தொம்' அவருக்குக் கேட்கவே இல்லை. கை தவறென்று நினைத்து இரண்டு வாரம் இடந்தலையோடு, அதாவது தொப்பி எனும் இடப்பக்கத்தோடு, போராடினேன். பிறகுதான் ஜூம் செயலியின் இரைச்சல் அடக்கும் வசதி தொப்பியின் நாதத்தை இரைச்சலென்று கருதி விழுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதை நிறுத்தியதும் சரியாயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்னைக்குச் சென்று மூன்று வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பேன். கடந்த முறை முதல் நாளே என் வலது தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார். வேகமான நடையில் என் தோள் ஏறிவிடுவதை ஆறு ஆண்டுகளாகக் கேமரா காட்டவில்லை. என் மணிக்கட்டு வலிக்கு அதுவே காரணம். ஐந்து மாதத்தில் உங்களுக்கு எத்தனை முறை இப்படித் தோளைத் தொட்டுச் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

---

கோவைவாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. தக்குச்சுருதி அவர்களின் கேள்வியைப் படித்த அன்று இரவு, வகுப்பில் நான் குறித்து வைத்திருந்த ஏட்டைப் புரட்டினேன். முதல் மாதம் முழுவதும் உட்காரும் முறையும் வலது கணுக்காலில் மிருதங்கத்தைச் சாய்க்கும் கோணமும். இரண்டாம் மாதம் 'தி': மூன்று விரலும் பிரியாமல் கரணையின் நடுவில் ஒன்றாக விழ வேண்டும். மூன்றாம் மாதம் இடது கை. தொம் வாசித்ததும் கை எழும் உயரம். நான்காம் மாதம் மூன்றாம் காலத்திலிருந்து முதல் காலத்துக்கு இறங்கும்போது நான் ஓடிவிடுவது. பாடம் ஒன்று, திருத்தங்கள் வேறு வேறு என்பது என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் அதைப் பாடமாகக் கருதவில்லை.

போன வாரம் நடந்த ஒன்று. நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து சமையலறைக்குச் சென்று காபி ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். அங்கிருந்தபடியே, "மோதிர விரல் எந்திரிச்சிருச்சு பாருங்க தம்பி" என்றார். குனிந்து பார்த்தேன், விரல் கரணையை விட்டு ஓர் அரிசி உயரம் எழுந்திருந்தது.

மீட்டுச்சாப்பு ஐயாவின் சோதனையில் நான் தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்வையை மூன்றாக்கியதும் என்னால் எடுக்க முடியவில்லை. தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் மொத்தம் 21, எனவே 11 மாத்திரை விட்டு எடுக்க வேண்டும் என்று புரிந்தது. கணக்கே தொழிலாக உள்ளவனுக்கு இது வரவில்லை என்பது எனக்கு மிகவும் உறைத்தது.

---

வைகைக்கரை எழுதியது:

இதே இழையில் ஒன்று கேட்கலாமா? என் மகளுக்கு ஒன்பது வயது. இயல்பிலேயே இடது கைப் பழக்கம். சேர்க்கப் போன இடத்தில், வலது கையால்தான் வாசிக்க வேண்டும், மாற்றிக்கொண்டால் சொல்லித்தருகிறேன் என்றார்கள். ஒரு மாதம் முயன்றோம், குழந்தை அழுகிறாள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

---

தக்குச்சுருதி எழுதியது:

அம்மா, கட்டாயம் மாற்ற வேண்டியதில்லை. மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைப் பழக்கம் உள்ளவர். பாலக்காடு மணி ஐயரோடு ஒரே மூச்சில் பெயர் சொல்லப்படும் மேதை அவர். இடது கைக்காரர் மேடையில் உட்காருவதில் உண்மையாகவே ஒரு சிக்கல் இருந்தது. வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் அமர்வார், வலந்தலை (கரணை உள்ள பக்கம்) சபையை நோக்கி இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் சபையை நோக்குவது தொப்பியாகிவிடும். ஆகவே வயலின்காரரும் அவரும் இடம் மாறி உட்கார வேண்டும்; அதற்கு எல்லோரும் உடன்படவில்லை. தொடக்கத்தில் அவருக்கு மேடைகள் குறைந்ததற்கு இது ஒரு காரணம். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரை உறுதியாகத் தம் கச்சேரிகளுக்கு வைத்துக்கொண்டு ஆதரித்தார்.

இன்று ஒலிபெருக்கி உள்ள மேடையில் அந்தச் சிக்கல் அவ்வளவு பெரிதல்ல. சில குழந்தைகள் வலது கைக்கு எளிதில் மாறிவிடுவார்கள். உங்கள் மகள் ஒரு மாதம் அழுதிருக்கிறாள் என்றால் அந்தக் கை மாற விரும்பவில்லை என்றுதான் பொருள். ஆசிரியரை மாற்றுங்கள், குழந்தையின் கையை மாற்ற வேண்டாம். வாத்தியத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் போதும். அதற்கெனத் தனி வாத்தியம் செய்விக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரைப் பார்த்தால் ஊர் மதுரை என்று நினைக்கிறேன். மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருப்பதால் அங்கு பயின்றவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். இருவர் மூவரிடம் நேரில் பேசிப் பாருங்கள்.

---

நேர்வழி எழுதியது:

கோவைவாசியின் ஏட்டைப் பற்றிப் படித்த பிறகு, அவருடைய ஆசிரியரைப் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். அடுப்படியிலிருந்தும் காது கொடுக்கிறவர் மாணவரைக் கைவிட்டவர் அல்ல. ஆனாலும் காரணத்தைச் சொல்லித் தருவதும் ஆசிரியரின் கடமையே என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இவர் ஏட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவராக இருந்ததால் கண்டுபிடித்தார். குறிக்காத மாணவர் இந்நேரம் நின்றிருப்பார்.

---

மீட்டுச்சாப்பு எழுதியது:

நேர்வழி சொல்வதை ஏற்கிறேன். நாளை முதல் என் மாணவர்களிடம் ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், 'இன்று உன் கையில் எதைத் திருத்தினேன்' என்று கேட்டு எழுத வைக்கப் போகிறேன். இது எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

கோவைவாசிக்கு ஒரு சொல். உங்கள் வாத்தியத்தையும் ஒருமுறை ஆசிரியரிடம் காட்டி விடுங்கள். வலந்தலை மூட்டு (கரணையோடு கூடிய தோல் மூடி) தளர்ந்திருந்தால் எவ்வளவு சரியாக வாசித்தாலும் 'நம்' பேசாது. புதிதாகக் கற்பவர்கள் அதைத் தங்கள் கையின் குற்றமென்று எண்ணிச் சோர்ந்துவிடுவார்கள். மணி ஐயரின் நாதத்தைப் பேசும்போது, அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்று என் ஆசிரியர் சொல்வார். உங்கள் ஊரில் மூட்டு மாற்றித் தருபவர் யாரென்று அறிந்து, அவரோடும் பழகிக்கொள்ளுங்கள்.

---

கோவைவாசி எழுதியது:

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். மூட்டைப் பற்றி ஐயா எழுதியது சரியாகவே இருந்தது. ஆசிரியர் வலந்தலையை ஒருமுறை சுற்றித் தட்டிக் கேட்டுவிட்டு, கரணை ஓரிடத்தில் பெயர்ந்திருப்பதைக் காட்டினார். உக்கடம் பக்கம் ஒருவரிடம் அவரே என்னை அழைத்துச் சென்றார். அங்கே தரையில் உட்கார்ந்து, சோற்றையும் கருநிறக் கல் பொடியையும் பிசைந்து கரணை போடுவதை அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மெல்லிய பூச்சு, கல்லால் தேய்ப்பு, காய்ந்ததும் மீண்டும் ஒரு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் விரலால் தட்டிக் கேட்டார். ஆசிரியரும் அவரும் பேசிக்கொள்ளவே இல்லை. தட்டல் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நேர்வழி அவர்கள் சொன்ன கேள்வியையும் கேட்டேன். அடுத்த பாடத்துக்கு நான் எதை எட்ட வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்துத் தெருவில் பாட்டு கற்கும் ஒரு பெண்ணை வரச்சொல்லி ஒரு வர்ணம் பாட வைத்தார். "மோரா கீரா எதுவும் வேண்டாம். சர்வலகு மட்டும் பிடிங்க. அந்தப் பொண்ணு உங்களத் திரும்பிப் பாக்காம பாடி முடிக்கணும்" என்றார். சர்வலகு என்றால் பாட்டோடு சீராக ஓடும் எளிய நடை.

முதல் முறை மூன்று இடத்தில் திரும்பிப் பார்த்தாள். நேற்று ஒரே இடத்தில், வர்ணத்தின் முக்தாயி ஸ்வரப் பகுதி முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது. வரும் ஞாயிறு மீண்டும் வருகிறாள்.